மூன்று அங்குல வாட்டம்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை. தொழிற்சாலையிலும் சரி, தெருவிலும் சரி, அவர் ரசமட்டம்தான். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நீந்திக்கொண்டிருக்குமே, தரை சமமாக இருந்தால் நடுவில் வந்து நிற்குமே, அந்தக் கருவியின் பெயரையே அவருக்குச் சூட்டிவிட்டார்கள். கோபித்துக்கொள்வாரா என்றால், அதுதான் இல்லை. "என்ன ரசமட்டம் சார்!" என்று யாராவது கூப்பிட்டால் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

முப்பத்தெட்டு வருஷம் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று. லாரியில் வந்து இறங்கும் புது இயந்திரத்தைத் தரையில் இருத்தி, நாலு மூலையிலும் தகடு கொடுத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை தட்டித் தட்டி, கடைசியில் போல்ட்டை முறுக்குவது. ஒரு தலைமுடி கனம் சாய்ந்தாலும் அந்த இயந்திரம் அறுப்பதெல்லாம் கோணலாகப் போகும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பார்த்துப் பார்த்து அது வேலையோடு நிற்காமல் ரத்தத்தில் ஊறிப்போனது. உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் சுவரில் படம் சாய்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் கண் போகும். பேச்சு பேச்சாக இருக்க, கை தானாக எழுந்துபோய் அதை நிமிர்த்திவிட்டு வரும். கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்புக் குண்டு கிடக்கும். பழைய பேரிங்கை உடைத்து எடுத்தது, சின்ன எலுமிச்சம்பழம் பருமன். எந்தப் புதுத் தரையைக் கண்டாலும் அதை வைத்துப் பார்ப்பார். உருளாமல் நின்றால் முகம் மலரும். உருண்டால் போச்சு, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

கல்யாணத்தன்று மேடையில் போட்டிருந்த நாற்காலி ஆடியது. புது மாப்பிள்ளை அத்தனை பேர் பார்க்கக் குனிந்து, ஒரு காகிதத்தை நாலாக மடித்து, மணப்பெண்ணின் நாற்காலிக் காலுக்கடியில் செருகினார். "என்ன பண்றீங்க?" என்று அவள் காதோடு கேட்டாள். "ஆடுது" என்றார். அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். அன்றிலிருந்து இன்றுவரை அவள் உட்கார்ந்த நாற்காலி எதுவும் ஆடியதில்லை. இப்படி ஒரு அன்பு உண்டா என்றால், உண்டு. வாயால் ஒரு நல்ல வார்த்தை வராது, ஆனால் நாற்காலி ஆடாது.

அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். காதில் மாட்டிய கருவியோடு முப்பது வருஷம் யார் யாரையோ யார் யாரோடோ பேசவைத்தவள். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வேலையை விட்ட பிறகும் சட்டம் அவளை விடவில்லை. வீட்டில் தொலைபேசி அடித்தால் கை மாவோடு இருந்தாலும், தலை ஈரத்தோடு இருந்தாலும் ஓடிப்போய் எடுப்பாள். அந்த வீட்டில் நாலாவது மணியைக் கேட்டவர் யாரும் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு மாதுளை மரம், அதன் பக்கத்தில் ஒரு குழாய், கத்தரிச் செடிகள், சுவரை மூடிக்கொண்டு ஏதோ ஒரு நீலப் பூக்கொடி. அவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மண்ணைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. "உங்க குமிழிக்கு இங்க வேலை இல்ல, உள்ள போங்க" என்று அவளும் விரட்டிவிடுவாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், ஓய்வு பெற்றவரைப் பழைய தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரே ஒரு இயந்திரம், வந்து மட்டம் பார்த்துக் கொடுங்கள் என்றார்கள். கூப்பிட்டதே பெருமை என்று போனார். அவர் அங்கே குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த நேரத்தில், இங்கே அவள் குழாயடியில் விழுந்து கிடந்தாள். ஒன்றரை மணி நேரம். இடுப்பு எலும்பு உடைந்து, எழ முடியாமல், உச்சி வெயிலில். வீட்டுக்குள் தொலைபேசி ஒருமுறை அடித்ததாம். எடுக்க முடியவில்லையே என்று அதற்கும் சேர்த்து அழுதாளாம்.

மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க அவர் வீட்டுக்கு வந்தார். துணியை எடுக்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனார். அவள் விழுந்து கிடந்த இடத்தில் மண்டியிட்டு, ஒரு நீளச் சட்டத்தைப் போட்டு, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓடிப்போய் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அளந்தார். குழாயிலிருந்து மாதுளை வேர்வரை மண் மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. ஊரான் தொழிற்சாலையில் ஒரு தலைமுடி சாய்வைப் பொறுக்காதவன், சொந்த வீட்டில் மூன்று அங்குலத்தை முப்பது வருஷமாக விட்டுவைத்திருக்கிறேனே என்று அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்தச் சரிவுதான் அவளைத் தள்ளியது என்று அவருக்கு முடிவாகிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் நாலுகால் வாக்கரோடு வீடு திரும்பினாள். வீட்டுக்குள் நன்றாகத்தான் நடந்தாள். சமையலறை, கூடம், படுக்கையறை என்று டக் டக்கென்று வாக்கர் சத்தம் போய்வரும். பின்கதவு வந்ததும் சத்தம் நின்றுவிடும். "மண்ணுல இனி கால் வைக்க மாட்டேங்க. என்ன விட்டுடுங்க" என்றாள். ஜன்னலோரம், தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பார்க்கிறாளா, பார்க்காமல் எங்கேயோ போய்விட்டாளா என்று அவருக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

மகள் தொலைவில், ஒரு நாலாவது மாடியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பத்து மணிக்குப் பேசுவாள். ஒருநாள் போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, அம்மா சமையலறைக்குப் போனதும் சொன்னாள்.

"அப்பா, அம்மா மூணாவது மணிக்குள்ள போன எடுத்துடறா."

"அது அவ பழக்கம்தானேம்மா?"

"முன்ன தோட்டத்துலேர்ந்து ஓடி வந்து மூச்சு வாங்க எடுப்பா. இப்ப மூச்சே வாங்கலப்பா. அந்த ஜன்னல விட்டு நகரவே இல்லன்னு எனக்கு இங்கேர்ந்தே தெரியுது. தோட்டத்துக்குப் போகாத அம்மாவுக்கு அந்த வீடு எதுக்கு? இந்த மழைக்காலத்துக்குள்ள அவ வெளிய வரலன்னா, ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்துடுவேன்."

மகள் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவருக்குப் பயம் வந்தது. நாலாவது மாடிக்குப் போனால் அவள் அங்கேயும் ஒரு ஜன்னல் தேடிக்கொள்வாள், அதோடு கதை முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அந்தப் படம் அவர் மனதில் வந்து உட்கார்ந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சவரம் செய்யும்போது வந்தது. மாதுளை நிழலில் பிரம்பு நாற்காலி ஒன்று. அதில் அவள், தலைமுடியை விரித்துக் காயவிட்டுக்கொண்டு. கையில் டீ. கீழே மண் இல்லை, வழவழவென்று சாம்பல் நிறக் கல். பின்கதவிலிருந்து மாதுளைவரை ஒரே சீராகக் கல். வாக்கர் ஓர் ஓரமாக, மழை விட்ட பிறகு சாத்திவைத்த குடை மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. பாதி சவரத்தோடு கண்ணாடி முன்னால் அசையாமல் நின்றார். சோப்பு காய்ந்துபோனது.

இரண்டு தெரு தள்ளி ஒரு கொத்தனாரம்மா இருந்தார். கல் பதிப்பதில் கெட்டிக்காரர், வாயும் கொஞ்சம் கெட்டி. வந்தார், நாலு முளை அடித்தார், நூல் கட்டினார். பன்னிரண்டடிக்குப் பத்தடி, இரண்டடிக் கல் முப்பது என்று கணக்குச் சொன்னார்.

"வாட்டம் மரத்துப் பக்கம் குடுத்துடலாங்களாய்யா?"

"வாட்டமா? எதுக்கு?"

"தண்ணி ஓட வேணாமா? அடிக்கு கால் அங்குலம் இறக்குவோம். பன்னெண்டு அடிக்கு மூணு அங்குலம்."

மூன்று அங்குலம் என்றதும் அவருக்குச் சுரீர் என்றது.

"அதெல்லாம் வேண்டாம்மா. ஒரே சமமா இருக்கட்டும். சுத்தி ஒரு விளிம்பும் வெச்சுடலாம். வாக்கர் வழுக்கி வெளிய போகக் கூடாது."

"வெளித்தரைய யாராவது சமமாப் போடுவாங்களா? அதுல விளிம்பு வேற. மழை பேஞ்சா குளமாயிடுங்க."

"அம்மா, முப்பத்தெட்டு வருஷம் நான் மட்டம் பார்த்தவன்."

"இருக்கலாம். உங்க மெஷின் மேல மழை பெய்யாதுங்களே!"

இதற்கு மேல் அவர் இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றார். கொத்தனாரம்மா கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு நாலு பேர் பார்த்துட்டு, இத யாரு போட்டதுன்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? நீங்களே போட்டுக்குங்க. மண்ணு இடிக்க இந்தக் கட்டைய விட்டுட்டுப் போறேன். எப்படியும் என்னக் கூப்பிடத்தான் போறீங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அவரே போட்டார். அறுபத்தாறு வயசில் மண்வெட்டியைப் பிடித்தார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அவருக்கு அவை தனித்தனி நாட்களாக ஞாபகம் வருவதில்லை. ஒரே ஒரு நீண்ட பகலாகத்தான் வருகிறது. அரையடி ஆழம் வெட்டி மண்ணை வாரினார். ஜல்லியைப் பரப்பி, கட்டையால் தொம் தொம்மென்று இடித்தார். அதன்மேல் மணலைக் கொட்டி, சட்டத்தால் இழுத்து இழுத்துச் சமன் செய்தார். காலைச் சூரியன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறி, மணல்மேல் மாதுளை இலைகளின் நிழலைப் போட்டு, மெதுவாக நகர்த்திக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பி எடுத்துக்கொள்ளும். நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே சட்டத்தைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது.

"ஏங்க, மண்டை காயுது, தொப்பி போட்டுக்குங்க!" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். "கத்தரிச் செடிய மிதிக்காதீங்க! உங்களத்தான்! ஐயோ, மிதிச்சாச்சா?" அந்தக் குரல் வரும்போதெல்லாம் அவருக்குத் தெம்பு வரும். திட்டுகிறாள், அப்படியென்றால் பார்க்கிறாள்.

ஒவ்வொரு கல்லாக மணலில் இறக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டுவார். குமிழி மெல்ல நகர்ந்து நடுவுக்கு வரும். வந்ததும் அவருக்குள்ளும் ஏதோ நடுவுக்கு வந்து நிற்கும். ஒரு மத்தியானம், பதிக்காத கல் ஒன்றில் தலைவைத்துச் சற்றுச் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். கனவில் தரை முடிந்துவிட்டிருந்தது. கல் முப்பது இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கல். அவள் வாக்கர் இல்லாமல் அதன்மேல் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். பின்னலை முன்னால் தூக்கிப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிற அவசரத்தில், கல்யாணமான புதிதில் நடப்பாளே அந்த நடை. "மெதுவா!" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்த்து, "ஆடலியே!" என்று சிரித்தாள். விழித்தபோது கன்னத்தில் கல்லின் சொரசொரப்பு பதிந்திருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை, ஜன்னலில் அவள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கனவு?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க. முப்பது வருஷமா கூப்பிடாத பேரு."

அவர் சுத்தியலைத் தேடினார். மனுஷனுக்கு வெட்கம்.

முப்பது கல்லும் படுத்தன. இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தார். சுற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்பு வைத்தார். சிமெண்ட் காய்ந்ததும் பையிலிருந்து இரும்புக் குண்டை எடுத்து நட்டநடுவில் வைத்தார். நின்றது. மூலையில் வைத்தார். நின்றது. ஊதிப் பார்த்தார். அதற்கும் நின்றது. இத்தனை வருஷத்தில் தான் செய்த மட்டங்களிலேயே இதுதான் முதல்தரம் என்று அவருக்குத் தோன்றியது. ஜன்னலைப் பார்த்தார்.

"சரி" என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை வரேன். உக்காந்து ஒரு டீ குடிக்கறேன். அதுக்கு மேல கேக்கக் கூடாது."

சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டு கொட்டென்று கொட்டி, விடியும்போதுதான் விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்லைக் காணோம். அவர் கட்டிய இடத்தில் வானம் படுத்திருந்தது. மேகம் ஒன்று பின்கதவுப் படியிலிருந்து மாதுளைவரை ஊர்ந்துபோனது. மாதுளை மரம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பழங்களையெல்லாம் ஆழத்தில் வைத்திருந்தது. காக்கை ஒன்று அந்த மேகத்தின்மேல் நடந்துவந்து, தன் அலகையே குனிந்து பார்த்து, ஒரு வாய் குடித்தது. அத்தனை அழகு. தண்ணீர் இம்மிகூட அசையவில்லை. எந்தப் பக்கம் போவது என்று அதற்கு அவர் ஒரு வழியும் வைக்கவில்லை.

துடைப்பத்தை எடுத்துத் தள்ளினார். தள்ளிய தண்ணீர் விளிம்பில் மோதி, அவர் காலடிக்கே திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடி வந்தது. அழகு வேறு, அவள் கால் வேறு. நாலு நாள் இப்படி நின்றால் பாசி பிடிக்கும். பாசி பிடித்த கல்லில் வாக்கர் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே தொலைபேசி அடித்தது. மூன்றாவது மணிக்குள் அவள் எடுத்தாள். பேச்சு அரைகுறையாக வெளியே கேட்டது. "இல்லம்மா... உள்ளதான் இருக்கேன்... சரி... சரிம்மா." பிறகு டக் டக்கென்று வாக்கர் வந்து, பின்கதவில் நின்றது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நம்மளக் கூட்டிட்டுப் போக வராளாம். கிளம்பறதுக்கு முன்னாடி பத்து மணிக்குப் போன் பண்றாளாம்."

"போயிடலாம்" என்றார் அவர் திரும்பாமலே. "நான் கட்டினதப் பாரு. உன்ன மறுபடியும் விழ வெக்கத்தான் கட்டியிருக்கேன். போயிடலாம் இந்த வீட்ட விட்டு."

"சும்மா தண்ணிதானே நிக்குது? வாட்டம் குடுக்கச் சொன்னாங்களே, ஏன் குடுக்கல?"

அப்போதுதான் அவர் வாய் திறந்தது. எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டார். மாற்றுத்துணி எடுக்க வந்தது, மண்டியிட்டது, குமிழி ஓடிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது, மூன்று அங்குலம். "அந்தச் சரிவுதான் உன்னத் தள்ளிடுச்சு. நான்தான் பார்க்காம விட்டேன். ஊரெல்லாம் மட்டம் பார்த்துட்டு உன் காலடிய விட்டுட்டேன். அதே மூணு அங்குலத்த என் கையால மறுபடி எப்படிப் போடுவேன்?" முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அவளும் அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினார். அவள் முகம் என்னவோ போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை முகம் அது.

"ஏங்க, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"என்ன?"

"சரிவும் தள்ளல, ஒண்ணும் தள்ளல. அணில் மாதுளம்பழத்தக் கடிச்சுட்டு இருந்தது. அந்த வருஷத்துல முதல் பழம். நான் போ போங்கறேன், அது என்னையே பார்த்துட்டுக் கடிக்குது. எனக்கு வந்துதே கோவம்! ஒரு கால் செருப்பக் கழட்டி எறிஞ்சேன். அது போகல. இன்னொரு செருப்பையும் கழட்டலாம்னு ஒத்தக்கால்ல நின்னேன்..." அவள் நிறுத்திவிட்டாள்.

"நின்னு?"

"விழுந்தேன். வேற என்ன? ஐம்பத்தொன்பது வயசுல அணிலோட சண்டை போட்டு இடுப்ப ஒடச்சுக்கிட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்ல முடியுமா, பொண்ணுகிட்டதான் சொல்ல முடியுமா? மண்ணு வழுக்கிடுச்சுன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அந்த மண்ணு மேல பயம் வந்துடுச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். நீங்க அந்தக் கூடத்தையே நிமித்திக்கிட்டு இருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சிரிக்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தான். முதலில் சிரித்தவளும் அவள்தான். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து, எது முந்துவது என்று தெரியாமல் புரையேறிவிட்டது. காக்கை எழுந்து பறந்தது. வானம் ஒருமுறை கலங்கி மறுபடி சேர்ந்துகொண்டது.

"எந்திரிங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போய் அந்தக் கொத்தனாரம்மாவக் கூட்டிட்டு வாங்க. தண்ணி போக ஒரு வழி வேணுங்க. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகட்டும்."

"நீ வெளிய வருவியா?"

அவள் கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். பயத்துக்கு என்ன காரணம் என்று தெரிந்துவிட்டால் மட்டும் பயம் போய்விடுமா?

கொத்தனாரம்மா வந்தார். தேங்கிய தண்ணீரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மீன் ஏதாவது விட்டிருக்கீங்களாய்யா?" என்று மட்டும் கேட்டார். நல்ல மனசு, அதற்கு மேல் குத்திக் காட்டவில்லை. விளிம்பை உடைத்துத் தண்ணீரை வடித்தார்கள். மணல் படுக்கை என்பதால் கடப்பாரை கொடுத்ததும் கற்கள் உடையாமல் எழுந்து வந்தன. மணலை மரத்துப் பக்கமாகச் சீவி இறக்கினார்கள். இனி ரசமட்டத்தைக் கல்லில் வைத்தால் குமிழி நடுவில் நிற்கக் கூடாது, வீட்டுப் பக்கத்துக் கோட்டைத் தாண்டி ஏறி நிற்க வேண்டும் என்று கொத்தனாரம்மா சொன்னார்.

முதல் கல்லைப் படுக்கவைத்தார். குமிழி கோட்டைத் தாண்டி நிற்கிறது, கை தன்னையறியாமல் சுத்தியலை எடுக்கிறது. "விடுங்க! போதும்! தட்டாதீங்க!" என்று பின்கதவிலிருந்து ஒரு சத்தம். அவள் நாற்காலியை ஜன்னலிலிருந்து கதவுக்கு மாற்றிப் போட்டிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம்தான், ஆனாலும் கதவு. முப்பது கல்லுக்கு முப்பது முறை அவர் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டார். போகப் போக அதில் ஒரு மயக்கம் வந்தது. கல் ஒவ்வொன்றும் மூச்சு விடுவது போல லேசாகச் சாய்ந்து படுத்தது. தரை மெல்ல மெல்ல மாதுளையின் பக்கம் திரும்பியது, கூப்பிட்ட திசைக்கு முகம் திருப்புகிற மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்குக் கடைசிக் கல் படுத்தது. கொத்தனாரம்மா பின்கதவடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது தயங்காமல் பன்னிரண்டடியும் ஓடி, மாதுளை வேரில் இறங்கிவிட்டது. "அவ்வளவுதாங்க வித்தை" என்று கையைக் கழுவிக்கொண்டு அவர் கிளம்பினார்.

இருவரும் தனியாக இருந்தார்கள். அவள் கதவுக்கு உள்ளே வாக்கரைப் பிடித்து நின்றாள். அவர் வெளியே, படியோரம் குந்தியிருந்தார். வெயில் ஈரக் கல்லில் பட்டு, கல்லிலிருந்து லேசாக ஆவி எழுந்துகொண்டிருந்தது. வா என்று கூப்பிடலாமா? கூப்பிட்டு அவள் வராவிட்டால்? மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் யோசிக்கவில்லை, சத்தியமாக இல்லை. புதுத் தரையைக் கண்டால் கை பைக்குள் போவது பழக்கம், போனது. இரும்புக் குண்டை எடுத்து முதல் கல்லில் வைத்தது.

குண்டு ஒரு கணம் நின்றது. பிறகு மெல்லப் புறப்பட்டது.

"ஏங்க, உருளுது!"

"ஆமா."

"என்ன ஆமா? பிடிங்க!"

அவர் எழப் பார்த்தார். ஒரு வாரம் குந்திக் குந்தி இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. "கால் வரலடி" என்றார்.

"அய்யய்யோ, அந்தக் குண்டு! முப்பத்தெட்டு வருஷக் குண்டுங்க! சேத்துல போய் விழப் போகுது!" டக் என்று ஒரு சத்தம். அவருடைய காதோரம், கல்லின்மேல், வாக்கரின் முன்கால் இரண்டும் ஊன்றின. பிறகு அவள் கால். பிறகு இன்னொரு கால். கதவு அவளுக்குப் பின்னால் இருந்தது. அது அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கண்ணெல்லாம் குண்டின்மேல்.

அவர் பேசினால் கலைந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்தக் கனவில் பார்த்த அவசர நடை இல்லை இது. டக், ஒரு அடி, நிறுத்தம். டக், ஒரு அடி. குண்டுக்கும் அவசரமில்லை. ஒவ்வொரு இடுக்கிலும் சற்றுத் தயங்கி, அவள் வருகிறாளா என்று பார்த்துவிட்டுப் போவது போலப் போனது. கடைசிக் கல்லின் ஓரத்தில் எட்டிப் பார்த்து, மாதுளையடிச் சேற்றில் பொத்தென்று விழுந்தது. அவள் கடைசிக் கல்லில் போய் நின்றாள். அப்போதுதான் தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள்.

உள்ளே தொலைபேசி அடித்தது.

அவள் உடம்பு சட்டென்று திரும்பியது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? இரண்டாவது மணி. வீட்டைப் பார்த்தாள், கீழே சேற்றைப் பார்த்தாள். மூன்றாவது மணி. அவள் கை வாக்கரை இறுக்கிப் பிடித்தது. நாலாவது மணி அடித்தது, அந்த வீட்டின் வரலாற்றிலேயே முதல்முறையாக.

"அடிக்கட்டும்" என்றாள்.

ஒரு கால் செருப்பை உதறினாள். மற்றக் காலில் பலமாக நின்றுகொண்டு, வெறுங்காலைக் கல்லிலிருந்து மண்ணில் இறக்கி, சேற்றுக்குள் விரலால் துழாவினாள். கிளைமேல் ஒரு அணில் பழத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது.

"கிடைச்சிடுச்சு" என்றாள். கால் குண்டின்மேல் இருந்தது, கணுக்கால்வரை சேறு. "எனக்குக் குனிய முடியாது. ஏங்க, அங்கேயே உக்காந்து எதுக்கு அழுதுட்டு இருக்கீங்க? வந்து எடுங்க."

அவர் கையை ஊன்றி, கல் கல்லாகத் தவழ்ந்து அவளிடம் போனார். தொலைபேசி ஓய்ந்தது. சற்றுப் பொறுத்து, ஆளில்லாத வீட்டுக்குள் மறுபடியும் முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தது.